போடி இறக்கம்

ஓசூர்
4.8.2024

அன்புத் தம்பி எபனேசருக்கு,

அக்கா ஜெபஷீலா எழுதுகிறேன். கடிதமா என்று சிரிக்காதே. கர்த்தர் கிருபையில் இங்கே நான் சுகம். அம்மாவின் கால்வலி, உன் மனைவி எப்சிபாவின் தும்மல், உன் வாய்க்கொழுப்பு மூன்றும் எப்படி இருக்கின்றன?

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன், அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்துகொள்கிறார். போன வாரமும் அதுதான் நடந்தது. இனி உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. எங்கள் புதுப் பேட்டரி இன்னும் சந்தைக்கே வரவில்லை. ஆய்வகத்தை விட்டு ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது. "ஆறு வருசமா ஒரு தண்ணியக் கலக்கிக்கிட்டு இருக்க, தம்பிக்கு ஒரு பேட்டரி தர முடியலையாக்கும்" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் போனை வைத்தேன்.

அது தண்ணீர் இல்லை. தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலே கெட்டுப்போகிற சரக்கு. நம் கடைப் பேட்டரியில் இருப்பது ஆசிட்டும் தண்ணீரும். மின்னழுத்தம் கொஞ்சம் கூடினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகிவிடும், அதனால் ஓரளவுக்கு மேல் அதற்குள் சக்தியை அடைக்க முடியாது. என்னுடையதில் தண்ணீருக்குப் பதில் ஆர்கானிக் என்கிற கரிமக் கரைப்பான்கள், அவற்றில் கரைத்த லித்தியம் உப்பு. கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்கும். இப்போது விற்கிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இதைப் போட்டால் அதே எடையில் ஒன்றரை மடங்கு தூரம் ஓடும். அந்தக் கலவைக்காகத்தான் கல்யாணப் பேச்சை எல்லாம் தள்ளிவிட்டு இங்கே கிடக்கிறேன். இன்னொரு தரம் தண்ணி என்றால் பல்லைத் தட்டிவிடுவேன்.

அம்மாவிடம் ஞாயிறுதோறும் பேசுவேன். உனக்குத் தபால்தான்.

அக்கா
ஜெபஷீலா

*

போடி
13.8.2024

பல்லைத் தட்ட வரும் அக்காவுக்கு,

முப்பத்திரண்டும் பத்திரமாக உள்ள தம்பி எபனேசர் எழுதுவது. அம்மா கால்வலியோடு மூன்று தெரு சுற்றி வருகிறார். எப்சிபா காற்றடி காலத்தில் எல்லாரையும் போலத் தும்முகிறாள். ஆண்டவர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார்.

உன் தண்ணீரை இனி தண்ணீர் என்று சொல்லமாட்டேன். எப்சிபாவிடம் ஆர்கானிக் என்று சொன்னேன். "ஆர்கானிக்னா கடைத்தெருல வெல்லம் விக்கிறாகளே, அது மாதிரியா?" என்று கேட்கிறாள். நீயே வந்து விளக்கிக்கொள்.

இப்போது என் கதையைக் கேள். அப்பா போன பிறகு நாலு வருடமாக இந்தப் பேட்டரிக் கடையை நான்தான் நடத்துகிறேன். வருகிறவனில் பாதிப் பேர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்கிறான். வாங்கினவனோ திட்டுகிறான். போன மாதம் தேவாரத்து ஆள் ஒருவன் போடிமெட்டு மலை ஏறப் போய், "ஒம்பதாவது வளைவுல எருமை மாதிரி ஒக்காந்துருச்சுண்ணே" என்று வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மதுரையிலிருந்து வந்த ஸ்கூட்டர் கம்பெனி ஏஜெண்ட் என் முகத்துக்கு நேரே சொன்னான்: "போடிக்கெல்லாம் டீலர்ஷிப் எதுக்கு சார்? அங்க ஏலக்கா மூட்டையா வண்டி ஓட்டப் போகுது?"

அவன் கண் முன்னால் அந்தப் பதினேழு வளைவையும் ஒரு ஸ்கூட்டர் ஏற வேண்டும். அதில் என் அக்கா செய்த பேட்டரி இருக்க வேண்டும். தேவாரம் முதல் கெங்குவார்பட்டி வரை அதை விற்கிற முதல் கடை நம்முடையதாக இருக்க வேண்டும். இதைத்தான் போனில் சொல்ல வந்தேன். கத்தினது என் தப்புதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓசூரில் வட்டமாகத் தார் ரோடு போட்டு ஓட்டிப் பார்க்கிறீர்கள். உன் ஆய்வகத்தில் மலை இருக்கிறதா?

உன் தம்பி
எபனேசர்

*

ஓசூர்
1.9.2024

தம்பிக்கு அக்காவின் அன்பு.

நான் நலம். நீங்கள் மூவரும் நலமென்று அம்மா சொன்னார்.

மலை இருக்கிறதா என்று கேட்டாய். பத்து நாள் என்னைத் தூங்கவிடவில்லை அந்தக் கேள்வி. இங்கே மலை இல்லை. எங்கள் துறைத்தலைவர் கிறிஸ்டோபர் சாரிடம் கேட்டேன். "ஷீலா, பிப்ரவரில விற்பனைக்கு வரணும். மலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

சோதனை முடிந்து கழித்துப்போட வேண்டிய பேட்டரி பேக் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. கழித்தாயிற்று என்று எழுதிவிட்டு, அதை நம் சபை அசன விருந்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். இது தப்பு. தெரிந்துதான் செய்கிறேன். கடையில் தூசி படிந்து கிடக்கிற பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைத் துடைத்து வை.

நிபந்தனைகள்: திறக்காதே. ஈரம் படவிடாதே. யாரிடமும் சொல்லாதே. நடந்ததை நடந்தபடி எழுது, அலங்காரம் வேண்டாம்.

ஜெபஷீலா

*

போடி
3.10.2024

அக்கா! அக்கா! அக்கா!

சுகம் விசாரிக்கிற பொறுமை இல்லை. எல்லாரும் சுகம்.

ஏறிவிட்டது! நேற்று காந்தி ஜெயந்தி லீவு. பின்னால் சிநேகிதன் சுருளிராஜன், காலுக்கிடையில் அரை மூட்டை ஏலக்காய். மலையடிவாரத்து முந்தலில் ஆரம்பித்து ஒரே மூச்சு. ஒன்பதாவது வளைவில் மூன்று பஸ் பயணிகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் கையைக் காட்டிவிட்டுப் போனேன். சுருளிராஜன் பின்னாலிருந்து, "ஏலே, இது பேட்டரியா, பேயா?" என்று கத்துகிறான். மேலே போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம். நான் பனிமூட்டத்தில் நின்று அழுதேன், போ.

நடந்தபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தால் மோட்டாரே பேட்டரிக்குத் திருப்பிச் சார்ஜ் ஏற்றுகிறது. வீடு வரும்போது சார்ஜ் எட்டு சதவீதம் கூடியிருந்தது. கையால் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே குறை. பாதிப் பேட்டரியோடு இறங்கி வந்தது கூச்சமாக இருந்தது. ஆசிட் பேட்டரி நிறையாமல் கிடந்தால் செத்துப்போகும், நிறைக்காத பேட்டரியை அப்பா கடைப்படி இறங்கவிட்டதில்லை. எனக்கும் கை வராது. அடுத்த முறை மெட்டில் சுருளிராஜனின் டீக்கடையில் போட்டு, முழுசாக நிறைத்துக்கொண்டுதான் இறங்குவேன். "கீழ உருள்ற வண்டிக்கு எதுக்குலே சார்ஜு?" என்று அவன் சிரிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

அந்த மதுரைக்காரனுக்கு இருக்கிறது.

எபனேசர்

*

ஓசூர்
10.10.2024

என் செல்லத் தம்பிக்கு,

மிகவும் நலமாக இருக்கிறேன். இவ்வளவு நலமாக இருந்து ஆறு வருடம் ஆயிற்று.

உன் கடிதத்தை பாத்ரூமுக்குள் போய் மூன்று முறை வாசித்தேன். வெளியே சொல்லவும் முடியாது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் கிறிஸ்டோபர் சார், "என்ன ஷீலா, லாட்டரியா?" என்றார். பேயா என்று கேட்ட சுருளிராஜனுக்கு என் பெயரால் ஒரு டீ வாங்கிக்கொடு.

இன்னும் ஏறு. எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. மழை பிடிப்பதற்குள் ஏறிவிடு. எழுதிக்கொண்டே இரு.

பாதுகாப்பு அறிக்கையில் டிசம்பர் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு பேட்டரி உலகத்துக்குப் போகும், உன் கடைக்கும் வரும்.

அக்கா

*

போடி
24.11.2024

அன்பு அக்காவுக்கு எபனேசர் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். மழையும் கடை வேலையும் சேர்ந்ததால் உடனே எழுத முடியவில்லை. பேட்டரி கடையில் பத்திரமாக உள்ளது. டீலர்ஷிப் விண்ணப்பப் படிவம் வந்தால் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தம்பி எபனேசர்

*

ஓசூர்
2.12.2024

எபனேசருக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

ஆறு வாரம் கழித்து ஆறு வரி. அதுவும் "தங்கள் நலம் அறிய ஆவல்". எப்போதிருந்து எனக்கு நீ தங்கள் போடுகிறாய்? கையெழுத்து எப்சிபாவுடையது. அவள் ழகரத்துக்குப் போடுகிற சுழி எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால் "கடைல இருக்கான்டி" என்கிறார், காலை ஏழு மணிக்கும் கடை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்திலும் கடை. அம்மாவுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை.

கிறிஸ்டோபர் சார் அறிக்கையை என் மேஜையில் வைத்துவிட்டார். பேனாவும் வைத்திருக்கிறார். மலையில் என்ன ஆனது என்று தெரியாமல் நான் அதைத் தொடமாட்டேன்.

மறுபடி ஏறினாயா? இறங்கினாயா? உன் கையால் எழுது.

ஜெபஷீலா

*

போடி
9.12.2024

அன்புள்ள மதினிக்கு,

எப்சிபா வணக்கமாக எழுதுவது. அத்தை சுகம். உங்கள் தம்பியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

போன கடிதம் அவர் சொல்லி நான் எழுதியது. அவரால் எழுத முடியாது. வலது கை வெந்துவிட்டது. உள்ளங்கையும் இரண்டு விரலும். தேனியில் பதினான்கு நாள் வைத்திருந்தோம். உயிருக்குப் பயமில்லை மதினி, பயப்படாதீர்கள். அந்த இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை. மேலே டீக்கடையில் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறார். பாதி வழியில் நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து மாதிரி வாடை வந்ததாம். சீட்டைத் தூக்கினால் பேட்டரி உப்பி, ஓரமெல்லாம் புகை. விட்டுவிட்டுத் தள்ளிப் போயிருக்கலாம். அவரோ கையை விட்டு அதைப் பிடுங்கி ஓடைப்பக்கம் எறிந்திருக்கிறார்.

"வண்டி போனா போகுது, எதுக்குங்க கைய விட்டீக?" என்று ஆஸ்பத்திரியில் அழுதேன். "வண்டிக்கா விட்டேன்? அது அக்காவோட ஆறு வருசம்டி" என்றார். உங்களுக்குத் தெரிந்தால் கையெழுத்துப் போடமாட்டீர்கள், உழைப்பெல்லாம் வீணாகிவிடும் என்று அத்தையிடமும் என்னிடமும் பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான்தான் ஏதோ தப்பா ஓட்டிருப்பேன். பேட்டரில கொறை இருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

சத்தியத்தை மீறிவிட்டேன். அந்த சீட்டில் நானும்தான் உட்கார்ந்து போவேன் மதினி. நாளைக்கு வேறு யார் வீட்டுப் பெண்ணோ உட்காருவாள்.

உங்கள்
எப்சிபா

*

ஓசூர்
15.12.2024

என் தம்பிக்கு,

எப்சிபாவைத் திட்டினால் அடுத்த பஸ்ஸில் வந்து உன்னை அடிப்பேன். அவள் ஒருத்திதான் நம் வீட்டில் புத்தியோடு இருக்கிறாள்.

நீ தப்பாக ஓட்டவில்லை. ஏற்கெனவே நிறைந்த பேட்டரி. பதினேழு வளைவில் நீ பிரேக் பிடிக்கப் பிடிக்க, மோட்டார் இன்னும் இன்னும் கரண்டை உள்ளே தள்ளியிருக்கிறது. சார்ஜர் வழியாக வந்திருந்தால் பேட்டரிக்குள் இருக்கிற எங்கள் கட்டுப்பாட்டு போர்டு நிறுத்தியிருக்கும். மோட்டார் வழியாக வருவதை நிறுத்த இங்கே ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை, ஏனென்றால் சமதளத்தில் அப்படி வராது. எல்லை தாண்டியதும் என் கரைப்பான் சிதைந்தது. வாயு, சூடு, புகை, உன் கை.

இப்போது நான் மறைத்ததைக் கேள். மார்ச் மாதம் எல்லைக்கு மேல் ஏற்றிப் பார்த்ததில் மூன்று செல் உப்பின. கிறிஸ்டோபர் சாரிடம் காட்டினேன். "நூத்துல மூணுதானே ஷீலா, கணக்குல சேர்க்க வேண்டாம்" என்றார். சேர்க்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. என் கலவை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. அப்புறம் நீ எழுதினாய், மேலே முழுசாக நிறைத்துக்கொண்டு இறங்குவேன் என்று தெளிவாக எழுதினாய். அந்த வரியை மூன்று முறை வாசித்தேனடா. சிரித்துக்கொண்டே வாசித்தேன். மழை வருவதற்குள் ஏறு என்று பதில் போட்டேன்.

இதற்காக நீ என்னைத் திட்டித்தான் ஆக வேண்டும். திட்டு.

அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபம்தான் இருக்கிறது. அவர்கள் கொடுத்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. நானே ஒன்று எழுதினேன். மூன்று செல்லும் அதில் இருக்கிறது. போடிமெட்டும் இருக்கிறது. பேக்கை வெளியே கொண்டுபோனது நான்தான் என்பதும் இருக்கிறது. எழுதாவிட்டால் உன் கை ஏன் வெந்தது என்று சொல்ல முடியாது. கம்பெனியில் பத்துப் பேருக்குப் பிரதி அனுப்பிவிட்டேன், இனி அதை ஒருவர் மேஜைக்குள் பூட்ட முடியாது. கிறிஸ்டோபர் சார் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வரி எடுத்துட்டா போதும் ஷீலா, உங்க வேலையும் பேரும் மிஞ்சும்" என்றார். எந்த வரி என்று கேட்டேன். மலை வரியாம். "அந்த வரியிலதான் சார் என் தம்பி கை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலை போகும். உன் டீலர்ஷிப்பும் போகும். மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வர விடமாட்டார்கள், விசாரணை இருக்கிறது. வாசலில் நட்சத்திரம் கட்டு. துக்கவீடு மாதிரி வைத்திருக்காதே.

அக்கா

*

போடி
12.1.2025

அக்கா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கை. ஒரு மாதமாக எப்சிபா சிலேட்டு வாங்கிக் கொடுத்து எழுதப் பழக்குகிறாள். இந்தக் கடிதம் மூன்று நாள் வேலை. எல்லாரும் சுகம். நட்சத்திரம் பெரிதாகவே கட்டினோம்.

திட்டச் சொன்னாய். லூசு. திட்டிவிட்டேன். முடிந்தது.

உங்கள் கிறிஸ்டோபர் போன செவ்வாய்க்கிழமை இங்கேயே வந்துவிட்டார். ஓசூரிலிருந்து காரில். அம்மா டீ கொடுத்தார். ஒரு தாள் நீட்டினார், டைப் அடித்தது. பேட்டரியை நானே திறந்தேனாம், கடைப் பழக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேனாம், அதனால் வெந்ததாம். கையெழுத்துப் போட்டால் கெங்குவார்பட்டி முதல் தேவாரம் வரை டீலர்ஷிப் எனக்கே. அந்தத் தாளையும் பையில் வைத்திருந்தார்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது பார்.

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "எம் மகன் தண்ணி ஊத்துனா ஊத்துனேன்னு சொல்லுவான் சார். அவுக அப்பா காலத்துலேருந்து இங்கன பேட்டரி பாக்குறோம். எதுல ஊத்தணும், எதுல ஊத்தக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

நான் பேனா கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, மூடியைக் கழற்றித் தந்தார். தாளைப் பின்பக்கம் திருப்பி இடது கையால் எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், இரண்டாவது டீ குடித்தார். நான் விடவில்லை. எழுதியது இது:

"நான் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. மேலே முழுசாக நிறைத்தேன். கீழே இறங்கினேன். வெந்தது. எங்கள் ஊரில் மேலே நிறைத்துக் கீழே இறங்குகிறவர்கள் நிறையப் பேர். என் அக்கா எழுதியதே சரி. எபனேசர், பேட்டரிக் கடை, போடி."

எப்சிபாவும் சுருளிராஜனும் சாட்சி போட்டார்கள். எதிர்க்கடையில் நகல் எடுத்துக்கொண்டுதான் தாளை அவரிடம் கொடுத்தேன். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டி, ஓடையிலிருந்து பொறுக்கி வந்த அந்த உப்பின பேட்டரியை அதன் கீழே வைத்திருக்கிறேன். பஜாரே வந்து பார்க்கிறது. வியாபாரம் கெடும் என்றார்கள். கெட்டால் கெடட்டும். எதை விற்கமாட்டோம் என்றும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

வேலை போனால் வந்துவிடு. கூனிக்குறுகி வராதே.

எபனேசர்

*

ஓசூர்
26.1.2025

எபனேசருக்கு,

நலம். உண்மையாகவே நலம்.

வெள்ளிக்கிழமை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கலவையின் காப்புரிமை மனுவில் என் பெயரை எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும், அதற்கும் வக்கீல் பார்த்துவிட்டேன். சண்டை போடாமல் விடமாட்டேன். பிப்ரவரி விற்பனை தேதி சொல்லாமல் தள்ளிப் போயிருக்கிறது. பத்துப் பிரதியில் ஒன்பதைக் கிழித்தாலும் ஒன்று எங்கோ உயிரோடு இருந்திருக்கிறது.

பெட்டியோடு வெளியே வரும்போது சோதனைக் கூடத்தைக் கடந்துதான் வர வேண்டும். சுவரில் புதுப் பட்டியல் தொங்கியது. வழக்கமான பதினோரு சோதனைக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்று, பேனாவால் சேர்த்திருந்தார்கள். முழுச் சார்ஜ், பதினேழு வளைவு இறக்கம், மோட்டார் வழிச் சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பசங்கள் வைத்திருக்கிற பெயர் 'போடி இறக்கம்'. இதில் தேறாமல் இனி ஒரு பேட்டரியும் அந்த வாசலைத் தாண்டாது என்று ஹேமாவதி சொன்னாள். என் மேஜைக்கு வந்திருக்கிற புதுப் பெண். சொல்லும்போது அவள் அழுதாள். நான் அழவில்லை.

வியாழக்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறேன். வெள்ளி காலை போடி. நிமிர்ந்துதான் இறங்குவேன். கடையின் பின்னறையைக் காலி செய்து வை, எனக்கு ஒரு மேஜையும் ஜன்னலும் வேண்டும். மலை எதிரிலேயே இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நீயே வா. முழுக்கைச் சட்டை போட்டு, பாக்கெட்டுக்குள் விட்டு மறைத்துக்கொண்டு நிற்காதே. இரண்டு கையையும் வெளியே வைத்து நில். பெட்டியை நான் தூக்கிக்கொள்வேன், அந்த வலது கையை என்னிடம் கொடு.

அக்கா
ஜெபஷீலா